ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சரிதமும் கடல் கடந்த பூஸ்திதியும்

மனிதர் தேடும் செல்வங்களுள் பூமிக்கு உள்ள மதிப்பு வேறொன்றுக்கும் இல்லை. பொன்னைக் கள்வர் கொள்வர்; நெல்லை அந்து தின்னும்; கடனாகக் கொடுத்த பொருள் வாங்கினவனோடு மறைந்து போகும். நிலமோ இட்ட இடத்தில் கிடக்கும் என்ற நம்பிக்கையினாலேயே சட்டமும் அதனை அசையாச் சொத்து என்று வழங்குகிறது. ஆயினும், நிலம் அசையாதிருக்க, அதன் உரிமை மட்டும் அசைந்து பிறர்பாற் சென்றுவிடக் கூடும் என்பதை நம் மரபினர் சென்ற நூற்றாண்டில் தம் அநுபவத்திற் கண்டனர். அவ்வநுபவத்தை நன்கு உணர்தற்கு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களின் சரிதத்தைப் போல் உதவுவது பிறிதொன்றில்லை. வள்ளல் என்றும், பல்கலைக்கழகம் கண்டவர் என்றும், தமிழிசை காத்தவர் என்றும் அவரை யாவரும் அறிவர். அவர் காலத்து நம்மவர் அயல்நாட்டில் விளைநிலம் எவ்வாறு கொண்டனர், அதற்கு என்ன செலவாயிற்று, முடிவில் என்ன மிஞ்சிற்று என்பனவற்றை அவர் வரலாற்றோடு சேர்த்து ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் முத்தையா செட்டியார் அவர்களின் திருக்குமாரராக 1881-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30-ஆந் தேதி அண்ணாமலைச் செட்டியார் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் இராமநாதபுரம் பகுதியைச் சேர்ந்தது. இக்காலத்தில் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. அக்குடும்பத்தார் தேச வணிகத்தோடு தெய்வ கைங்கரியத்தையும் ஒருங்கே நடத்தியவர்கள். தில்லை நடராஜப் பெருமான் ஆலயத் திருப்பணியில் அவர்கள் கொண்ட ஈடுபாடு பெரிது. அண்ணாமலைச் செட்டியாரின் தமையனாராகிய திவான் பகதூர் ராமசாமி செட்டியார் அவர்கள் சிதம்பரத்தில் தம் பெயரால் வழங்கும் உயர்நிலைப் பள்ளியை நிறுவினார். ஆகவே கானாடுகாத்தான் பிறந்த ஊராயினும், சிதம்பரம் அக்குடும்பத்தாருக்கு வந்தேறிய ஊர் அன்று. வழிபாட்டாலும் அறத்தாலும் தமதாக்கிக் கொண்ட ஊர் ஆகும்.

நகரத்தார் மக்கள் இளமையிலேயே தொழில் கற்பது வழக்கம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பேரேடும் ஐந்தொகையும் பழகி, பின்னர் மேலாளாகிக் கொண்டுவிற்கச் செல்வார்கள். முதலாளி ஊரில் இருக்க, மேலாள் மூன்று வருஷக் கெடுவில் கடல் கடந்த ஊரில் இருந்து கடையை நடத்துவார். இலங்கை, மலாயா, சைகோன், பர்மா ஆகிய இடங்களிலெல்லாம் இவ்வாறு நம்மவரின் வட்டிக்கடைகள் நடந்தன. அண்ணாமலைச் செட்டியார் இம்முறையில் ஊன்றிய குடும்பத்திற் பிறந்தவராயினும், பழைய முறை ஒன்றையே பற்றி நில்லாமல் புதிய முறைகளையும் ஏற்றுக்கொண்டார். 1906-ஆம் வருஷம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து பல குடும்பங்கள் வாழ்விழந்தன. அதன் பயனாக 1907-இல் இந்தியன் பாங்கி தோன்றியபோது இவர் குடும்பத்தார் அதில் முன்னின்றனர். பின்னர்ச் செட்டிநாடு பாங்கியை ஏற்படுத்திப் பர்மாவிலும் அதன் அலுவலை நடத்தினார். 1923-இல் சர் பட்டமும், 1929-இல் வழிவழி உரிமையாக ராஜா பட்டமும் அவரை அடைந்தன. டில்லியில் கூடிய ராஜ்ய கவுன்சிலிலும் அவர் அங்கத்தினராய் இருந்தார்.

இனிப் பர்மாவில் நிலம் நம்மவர் கைக்கு வந்த வரலாற்றைக் கூறுவாம். 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைக்கொண்டனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் விலை ஏறிற்று. ஐராவதி நதியின் கழிமுகத்தில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தைப் பர்மியக் குடியானவர்கள் வெட்டித் திருத்தத் தொடங்கினர். 1850-களில் சுமார் 10 லக்ஷம் ஏக்கராக இருந்த கீழ்ப்பர்மாவின் நெல் நிலம் 1930 அளவில் ஏறக்குறைய 100 லக்ஷம் ஏக்கராயிற்று. காடு வெட்டவும், எருது வாங்கவும், விதை இடவும், அறுவடை வரையில் உண்ணவும் பணம் வேண்டும். ஐரோப்பிய பாங்கிகள் அக்குடியானவன் வாயிலை மிதித்ததில்லை. அப்பணத்தைக் கொடுத்தவர்களுள் முதல் இடம் நம் செட்டிமார்க்கே உரியது. 1929-30-இல் அரசாங்கம் அமைத்த பர்மா பாங்கி விசாரணைக் குழுவினரும் இவ்வுண்மையைத் தம் அறிக்கையில் விரிவாக எடுத்துக் காட்டினர்.

நம்மவர் பர்மாவுக்குச் சென்றது நிலம் வாங்குவதற்கு அன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவர்கள் விரும்பியது முதலும் வட்டியும் பணமாகத் திரும்பி வருதலே. நிலம் ஈடாக மட்டுமே கருதப்பட்டது. இரங்கூன் மொகல் தெருவில் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்த வணிகர்க்கு உழவும் நடவும் தொழில் அல்ல. ஆயினும் ஈடு பிடிப்பவன் அந்த ஈட்டின் உரிமையை ஆராயாமல் பிடிக்கலாகாது அன்றோ? ஆகவே அவர்கள் மேற்கொண்ட சட்டப் படிகளைச் சிறிது விளக்குவாம். இக்காலத்தில் அயல்நாட்டில் நிலம் தேடும் இளைஞர்க்கும் அவை பயன்படும்.

முதற்படி, விற்பவனுக்கோ ஈடு வைப்பவனுக்கோ நிலத்தில் உள்ள உரிமையைத் தெரிந்துகொள்வது. 1876-ஆம் வருஷத்துக் கீழ்ப்பர்மா நில வரிச் சட்டப்படி, ஒருவன் ஒரு நிலத்தை 12 வருஷம் இடைவிடாது அநுபவித்து வரியும் செலுத்தி வந்தால், அவனுக்கு வழிவழி அநுபவிக்கவும் பிறர்க்கு மாற்றவும் உரிய நிலையான பாத்தியம் உண்டாகும். 12 வருஷம் நிறையாதவன் காட்டை வெட்டிப் பயிரிட்டவனாயினும் முழுப் பாத்தியம் பெற்றவன் ஆகான். ஆதலால் மேலாள் சர்வே வரைபடத்தையும், நில வரிப் பதிவேட்டையும், வரி கட்டிய ரசீதுகளையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தாக வேண்டும். இதில் அசட்டையாய் இருந்தவர்கள் காட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஆயினர்.

இரண்டாம் படி, முதலாளியின் அதிகாரத்தை மேலாள் பெறுவது. பத்திரம் முதலாளியின் விலாசத்துக்கு எழுதப்படும். முதலாளியோ செட்டிநாட்டில் இருப்பார். அவருக்காக இரங்கூனிலோ பாசீனிலோ பத்திரத்தை ரிஜிஸ்தர் ஆபீசில் தாக்கல் செய்ய வேண்டுமானால் மேலாளுக்கு முக்தியார் நாமா வேண்டும். 1908-ஆம் வருஷத்து ரிஜிஸ்தர் சட்டப்படி அந்த அதிகாரப் பத்திரத்தை முதலாளி தாம் வசிக்கும் பகுதியின் ரிஜிஸ்திரார் முன்னிலையில் எழுதிக் கொடுத்து, அவருடைய அத்தாட்சியையும் பெற வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேலாள் மாறுவதால் புதிய மேலாளுக்குப் புதிய முக்தியார் நாமாவும், பழையதற்கு ரத்தும் எழுதுவது வழக்கமாயிற்று. ரத்துச் செய்ய மறந்த வீட்டில் பின்னர் வழக்கு எழுவதற்கு இடம் உண்டாகும்.

மூன்றாம் படி, ஈட்டுப் பத்திரமோ கிரய சாசனமோ எழுதுவது. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறும் அசையாச் சொத்தை விற்கும் சாசனம் ரிஜிஸ்தர் செய்யப்படாவிடில் செல்லாது. எழுதிய நாள் முதல் 4 மாதத்துக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஈட்டுப் பத்திரமாயின் கடன் வாங்குபவன் கையொப்பத்தோடு இரண்டு சாக்ஷிகளின் கையொப்பமும் வேண்டும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு ஒரு விலக்கும் கொடுத்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி ஆகிய நகரங்களோடு பர்மாவில் இரங்கூன், மோல்மேன், பாசீன், அக்யாப் என்னும் நான்கு நகரங்களிலும், நிலத்தின் மூலப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்த மாத்திரத்தில் ஈடு ஏற்பட்டுவிடும். அதற்கு ரிஜிஸ்தர் வேண்டுவதில்லை. செட்டிமார் கிட்டங்கிகளின் இரும்புப் பெட்டிகளில் பத்திரக் கட்டுக்கள் நிறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி, கிரயம் ஆனபின் நில வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றுவது. சாசனம் ரிஜிஸ்தர் ஆனதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. வரிப் பதிவேட்டில் பழையவன் பெயரே நின்றால், வரி நோட்டீசும் அவன் பெயருக்கே போகும். அநுபவமும் அவனுடையதாகவே தோன்றும்.

இனிச் செலவைப் பார்ப்போம். 1899-ஆம் வருஷத்து ஸ்டாம்பு சட்டம் முதலில் விதித்தபடி, 1000 ரூபாய்க்குக் கிரய சாசனம் எழுத 10 ரூபாய் ஸ்டாம்பு வேண்டும். நிலத்தைச் சுவாதீனம் கொடாமல் ஈடு மட்டும் வைத்தால் அதே தொகைக்கு 5 ரூபாய் போதும். இவற்றோடு ரிஜிஸ்தர் கட்டணமும் எழுத்துக் கூலியும் சேரும். இவ்வளவும் சிறு செலவே. கடன் நின்று, கோர்ட்டுக்குச் செல்ல நேர்ந்தாலோ கதை வேறு. 1870-ஆம் வருஷத்துக் கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின் மூல விகிதப்படி 1000 ரூபாய்த் தாவாவுக்கு 75 ரூபாய் கட்டணம். அதன்மேல் வக்கீல் கட்டணம், சாக்ஷிப் படி, சம்மன் செலவு. 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டப்படி முதலில் ஆரம்ப டிக்ரி பிறக்கும். பணம் கட்டக் கடன்காரனுக்கு 6 மாதம் வரையில் தவணை உண்டு. அதன் பிறகே இறுதி டிக்ரியும் ஏலமும் வரும். டிக்ரி பெற்றவர் தாமே ஏலம் கேட்க வேண்டுமானால் அதற்கும் கோர்ட்டாரின் அநுமதி பெற வேண்டும்.

கிரயத்துக்கு 10 ரூபாய், தாவாவுக்கு 75 ரூபாய். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பர்மாவில் நடந்தது தானே விளங்கும். கடன் கொடுத்தவர், வாங்கியவர் ஆகிய இருவருமே கோர்ட்டுச் செலவைத் தவிர்க்க விரும்பினர். ஆகவே பல இடங்களில் வழக்கின்றியே, கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக் கொண்டனர். சட்டத்தின் கண்ணுக்கு இது இருவரும் மனமொத்துச் செய்த விற்பனை. காட்டை வெட்டிக் கழனி ஆக்கிய குடியானவன் கண்ணுக்கோ, தன் கையால் உண்டாக்கிய பூமியில் தானே ஆண்டுக் குத்தகைக்காரனாய் நிற்கும் நிலை. இரண்டு பார்வையும் உண்மையே. இவ்விரண்டாம் பார்வையைக் கணக்கிற் சேர்க்காததே பின்னர் வந்த துன்பத்துக்கு வித்தாயிற்று.

1930-இல் உலகமெங்கும் விலை வீழ்ச்சி ஏற்பட்டது. பர்மா நெல்லின் விலை சில வருஷங்களுக்கு முன்னிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. குடியானவரால் முதலை மட்டுமன்றி வட்டியையும் கொடுக்க இயலவில்லை. ஈடுகள் எல்லாம் ஒருசேர நிலமாக மாறின. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் 13-இலும் 1930-இல் செட்டிமார் கையில் இருந்த நிலம் சுமார் 5 லக்ஷத்து 70 ஆயிரம் ஏக்கர். அது மொத்தத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1937-38 அளவில் அது 24 லக்ஷம் ஏக்கருக்கு மேற்பட்டு, நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஏட்டில் இது பெருஞ்செல்வம், உண்மையில் பெருஞ்சுமை. விற்க முனைந்தால் வாங்குவாரில்லை. வைத்திருந்தால் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்கு நில வரி கட்ட வேண்டும். குத்தகை வசூலிக்க ஆள் வேண்டும். விளைவு குறைந்த வருஷத்தில் குடிக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். ஊரில் தம்மிடம் தவணைக்குப் பணம் போட்டிருந்தவர்க்கோ வட்டியைப் பணமாகவே கொடுக்க வேண்டும். நெல் வயலைக் கொண்டு தவணைக் கடனைத் தீர்க்க இயலுமோ? அக்காலத்தில் செட்டிநாட்டில் நொடித்த வீடுகள் பல, பர்மாவில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உடையனவாக இருந்துகொண்டே நொடித்தன.

இதற்கிடையில் பர்மிய மக்களின் மனக்கொதிப்பு பெருகிற்று. 1930 டிசம்பரில் தராவடி ஜில்லாவில் சாயா சான் தலைமையில் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்கு வரிச்சுமையும் நெல்விலை வீழ்ச்சியும் நில இழப்பும் காரணங்கள் ஆயின. பிறகு 1937-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ஆந் தேதி, இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. இச்செய்தியின் பொருளை நம் நேயர்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டுகின்றோம். அதற்கு முதல் நாள் வரையில் நம்மவர் கொண்ட நிலம் அயல்நாட்டு நிலம் அன்று. சென்னைக்கும் இரங்கூனுக்கும் ஒரே ரிஜிஸ்தர் சட்டம், ஒரே ஸ்டாம்பு சட்டம், ஒரே ராஜப் பிரதிநிதி. உரியவரும் நகரவில்லை, நிலமும் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது, ஓர் இரவில் உள்நாட்டுச் சொத்து வெளிநாட்டுச் சொத்தாயிற்று.

இக்காலத்திலெல்லாம் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்திற் செய்துவந்த காரியத்தை இனிக் காண்போம். 1920-இல் அவர் அங்கே ஸ்ரீ மீனாக்ஷி கலாசாலையை நிறுவினார். தில்லைக்குக் கிழக்கே, தேவாரப் பாடல் பெற்ற திருவேட்களத்தை ஒட்டிய வெளியில் கட்டிடங்கள் எழுந்தன. தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1924 முதல் 1927 வரையில் அத்தமிழ்க் கல்லூரியின் தலைவராய் விளங்கினார். பின்னர் இக்கலாசாலைகளை எல்லாம் ஒரு பல்கலைக்கழகமாக்க எண்ணி, அவற்றை உரிமையோடு ஒப்படைத்து, மேலும் 20 லக்ஷம் ரூபாயையும் செட்டியார் அளித்தார். சென்னை அரசாங்கத்தாரும் நிதி உதவினர். சென்னைச் சட்டசபையில் தனிச் சட்டம் நிறைவேறி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. விபுலாநந்த அடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் போன்றோர் அதில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தனர். மகா கனம் சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரையில் துணைவேந்தராய் இருந்தார்.

இங்கும் ஒரு சட்டப் படி உண்டு. அது கிரயத்தின் நேர்மாறு. பர்மாவில் குடியானவன் பெயரிலிருந்து முதலாளி பெயருக்குப் பட்டயம் மாறிற்று. சிதம்பரத்தில் முதலாளி பெயரிலிருந்து ஒரு பொது ஸ்தாபனத்தின் பெயருக்குப் பட்டயம் மாறிற்று. ஸ்தாபகருக்கும் அவர் வழியினருக்கும் இணைவேந்தர் என்னும் பதவியும் நிர்வாகத்திற் பங்கும் அச்சட்டத்தால் ஏற்பட்டனவாயினும், மண்ணும் மண்டபமும் குடும்பப் பேரேட்டை விட்டு நீங்கின. வணிக நோக்கில் அது செலவு, வரவு இல்லை. அதே 1929-ஆம் வருஷத்தில் பர்மாவில் ஈடு பிடித்தவர் ஒவ்வொருவரும் தம் பணத்துக்கு நிலத்தின் காப்பு உண்டென்று நம்பிக்கொண்டிருந்தனர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செட்டியாரின் பிற்காலம் தமிழிசைக்கு உரியதாயிற்று. 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மகாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அவருடைய மூத்த குமாரர் முத்தையா செட்டியார் அவர்கள் 1933-இல் சென்னை நகரின் முதல் மேயராகி, தந்தையார் பணிகளிலும் துணை நின்றார்.

பர்மாவிலோ காரியங்கள் விரைந்து கீழிறங்கின. உழவரல்லாதார் கைக்கு நிலம் போவதைத் தடுக்கும் மசோதாக்கள் முன்பு பலமுறை எழுந்து எழுந்து அடங்கின. 1941-இல் அத்தகைய சட்டம் நிறைவேறியே விட்டது. அவ்வருஷம் டிசம்பர் 23-இல் இரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சு 8-இல் அந்நகரம் வீழ்ந்தது. லக்ஷக்கணக்கான இந்தியர் மலைவழியே கால்நடையாய்த் திரும்பினர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். யுத்தம் முடிந்து திரும்பச் சென்றவர்கள் தம் வயல்களைக் கண்டனர். அவற்றின்மேல் இருந்த அதிகாரத்தைக் காணவில்லை. 1947-இல் அசையாச் சொத்தை அயல்நாட்டார்க்கு மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவ்வருஷத்து அரசியல் சட்டமே நிலமனைத்துக்கும் இறுதி உரிமை ராஜ்யத்தினுடையது என்று விதித்தது. 1948 ஜனவரி 4-இல் பர்மா சுதந்திரம் அடைந்தது.

அவ்வருஷம் ஜூன் மாதம் 15-ஆந் தேதி ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இறைவன் திருவடி நிழலை அடைந்தார். நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், பர்மிய நாடாளுமன்றம் நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1953-இல் அது திருத்தி எழுதப்பட்டுப் பரவலாக நடைமுறைக்கு வந்தது. நஷ்டஈடு நிலவரியின் மடங்குகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அது போட்ட முதலில் ஒரு சிறு பங்குக்கும் போதவில்லை. பெரும்பாலோர்க்கு அதுவும் கைக்கு வரவில்லை. நம் வீடுகள் பலவற்றின் பெட்டகங்களில் இன்றும் கிடக்கும் பர்மாப் பத்திரங்களில் ஸ்டாம்பு சரி, சாக்ஷி சரி, ரிஜிஸ்தர் எண் சரி. குறை ஒன்றும் இல்லை. அப்பத்திரங்களைத் தாங்கி நின்ற ராஜாங்கம் மட்டுமே இல்லை.

இவ்வுண்மையை அறியப் பர்மா வரையில் போக வேண்டுவதும் இல்லை. சிதம்பரத்துக்கு வடக்கே உள்ள கடலூரே அதற்குச் சாக்ஷி. அங்கே 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். அப்பொழுது சென்னையில் கம்பெனியின் தலைவராய் இருந்தவர் எலிகு யேல் என்பவர். கோட்டையோடு, அதிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம் வரையில் உள்ள பூமியும் கிரயத்தில் அடக்கம் என்பது பேச்சு. அவ்வாறே நாற்புறமும் குண்டு சுட்டு எல்லை வகுத்தனர்; உட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. கிரயமும் உண்டு, சாசனமும் உண்டு. ஆயினும் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்தபோது அச்சாசனம் கோட்டையைக் காக்கவில்லை. குண்டினால் அளந்த நிலத்தைக் குண்டே பறித்தது. அயல்நாட்டு நிலம் என்பது நமக்கு மட்டும் நேர்ந்த சோதனை அன்று. நம் மண்ணை வாங்க வந்த பிறர்க்கும் அது சோதனையாகவே இருந்தது.

இக்காலத்திலும் நம் குடும்பத்து இளைஞர்கள் பல தேசங்களில் வாழ்கின்றனர். அங்கங்கே தோட்டமும் பண்ணையும் வாங்க விரும்புகின்றனர். அது தவறன்று. ஆயினும் முதலில் நம் நாட்டுச் சட்டத்தையும், பிறகு அந்நாட்டுச் சட்டத்தையும் அறிந்து செய்தல் வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ரிசர்வ் பாங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரையில் வெளிநாட்டுக்கு அனுப்பி நிலம் வாங்கலாம். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் 10 லக்ஷம் ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய தொகைக்கு நூற்றுக்கு 20 வீதம் வருமான வரி முன்கூட்டி வசூலிக்கப்படுகிறது. கணக்குத் தீர்க்கும்போது அதை ஈடு செய்துகொள்ளலாம். வாங்கிய சொத்தை வருமான வரிக் கணக்கில் ஆண்டுதோறும் காட்டவும் வேண்டும்; மறைத்தால் 2015-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 லக்ஷம் ரூபாய் தண்டம் விதிக்க இடமுண்டு. அப்பால் அந்நாட்டு வாயில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் 2014-ஆம் வருஷத்துச் சட்டம் அயலார்க்கு நிலம் மாற்றுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. மலேசியாவில் அந்தந்த ராஜ்ய அதிகாரிகளின் அநுமதி வேண்டும். மியன்மாவில் தடை நீடிக்கிறது. நம் நாடும் இதற்கு விலக்கன்று: அயல்நாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விளைநிலத்தைப் பரம்பரைப் பாத்தியமாகப் பெறலாமேயன்றிக் கிரயத்துக்கு வாங்க இயலாது.

ஆகவே கிரயச் செலவைக் கணக்கிடுவோர் ஸ்டாம்பையும் வக்கீலையும் மட்டும் எழுதி நிறுத்தாமல், இன்னும் மூன்று இனங்களைச் சேர்த்து எழுதுவாராக. அந்நிலத்தை உழுபவன் மனம் என்ன என்பது ஒன்று. அந்நாட்டார் நம்மை எவ்வளவு காலம் பொறுப்பர் என்பது ஒன்று. நிலத்தைப் பணமாக்கி வீடு திரும்ப வழி உண்டா என்பது ஒன்று. இம்மூன்றையும் எழுதாத ஐந்தொகை என்றும் நேராகாது. பர்மாவில் நம் முன்னோர் திறமையிற் குறைந்தவர் அல்லர். நாணயத்திலும் குறைந்தவர் அல்லர். இம்மூன்று இனங்களை எழுத அவர்கள் பேரேட்டில் இடம் இல்லாமற் போயிற்று.

அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இட்ட முதலுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் கூறி முடிப்போம். அதுவும் மாறுதலுக்குத் தப்பவில்லை. 2013-இல் தமிழ்நாட்டு அரசு புதுச் சட்டத்தால் அப்பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே அமைந்த மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாய் நடைபெறுகிறது. இங்கும் உரிமை கைமாறிற்று. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. பர்மாவில் உரிமை போனபோது பயனும் போயிற்று. சிதம்பரத்தில் உரிமை போன பின்னும் பயன் நிற்கிறது. திருவேட்களத்து வெளியில் இன்றும் மாணவர் கூட்டம் கூடுகிறது. நோயாளிகள் மருந்து பெறுகின்றனர். இசை மண்டபத்தில் தமிழ் ஒலிக்கிறது. ஊர்ப் பெயரும் அண்ணாமலைநகர் என்றே வழங்குகிறது. கொண்ட நிலத்தினும் கொடுத்த நிலமே அவர்க்கு நிலைத்தது.

கடல் கடந்து பொருள் தேடுவது நம் குலத்தொழில். அதை விட வேண்டுவதில்லை. தேடிய பொருளில் ஒரு பங்கைத் தம் ஊர் மண்ணில் கல்வியாகவும் மருத்துவமாகவும் ஊன்றி வைக்கும் பழக்கத்தையும் விடாதிருப்போமாக. அதுவே அப்பெரியாரின் சரிதம் நமக்கும் நம் மக்களுக்கும் விட்டுச் சென்ற பட்டயம்.